பின்னங்கால் முடமும் நோயறிதலின் வரலாறும்: பாராமகால் குதிரைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சவாரிக் குதிரையின் பின்னங்காலில் விட்டுவிட்டுத் தோன்றும் முடம், கால்நடை மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தவறாகக் கணிக்கப்பட்டுவந்த நோய்க்குறிகளுள் ஒன்று. குறி காலில் தெரிந்தாலும் அதன் காரணம் பலமுறை காலுக்கு வெளியே, தசையிலோ தமனியிலோ தண்டுவடத்திலோ இருந்தது. இக்காரணங்கள் கண்டறியப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. முன்னாள் தருமபுரி மாவட்டத்தின் குதிரை வரலாற்றைக் களமாகக் கொண்டு, வசாபின் குறிப்பு, பூலேயின் 1831ஆம் ஆண்டு அறிக்கை, இலங்கைக் குதிரைகளின் ‘கும்ரி’ நோய் பற்றிய 1955ஆம் ஆண்டு ஆய்வு ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறது. முடம் எந்தக் காலில் உள்ளது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்பதே நோயறிதலின் முதன்மைச் சான்றாக அமைந்தது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குதிரை மருத்துவம், பின்னங்கால் முடம், கும்ரி, பாராமகால், மத்திகிரி, நோயறிதல் வரலாறு

முன்னுரை

தமிழகக் குதிரை வரலாறு பெரும்பாலும் வணிக வரலாறாகவும் போர் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. கடல்வழி வந்த குதிரைகள், குதிரைச் செட்டிகள், பாண்டியர் காலத்து இறக்குமதி, நாயக்கர் காலக் குதிரைச் சிற்பங்கள் ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. வந்திறங்கிய குதிரை எவ்வாறு நோயுற்றது, அந்நோயை யார் எவ்வாறு அறிந்தனர் என்னும் வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. போரிலும் பயணத்திலும் குதிரையின் மதிப்பு அதன் நடையைப் பொறுத்தது. ஆகவே நடை குன்றிய குதிரையைப் பற்றிய அறிவு, குதிரைப் பொருளாதாரத்தின் மையத்தில் வைத்து எண்ணத்தக்கது.

நடைக்குறைகளுள் மிகவும் சிக்கலானது விட்டுவிட்டு வரும் பின்னங்கால் முடம். காலையில் நொண்டிய குதிரை நண்பகலில் நேராக நடக்கும்; நேர்வழியில் குறையின்றி ஓடிய குதிரை திரும்பும்போது தடுமாறும். இத்தகைய குதிரையைச் சோம்பேறி என்றோ முரடு என்றோ கருதிச் சவுக்கால் அடிப்பதும், நலமாக உள்ள மூட்டுக்குச் சூடு போடுவதும் உலகின் பல பகுதிகளிலும் நிகழ்ந்தவை. தவறான கணிப்பின் விலையை விலங்கே செலுத்தியது.

1. தகடூர் நாட்டில் ஆநிரையும் குதிரையும்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரியும்வரை ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. இக்கட்டுரை அந்த விரிந்த நிலப்பரப்பையே கருத்தில் கொள்கிறது.

இப்பகுதியின் நடுகற்கள் தமிழக வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. அவற்றுள் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர் துறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. சிலவற்றில் குதிரைமீது அமர்ந்த வீரர் உருவமும் காணப்படுகிறது. மாட்டுச் செல்வமே இந்நிலத்தின் அடிப்படைச் செல்வம். ஆலம்பாடி மாட்டினம் இம்மாவட்டத்தின் பென்னாகரம் பகுதியோடு தொடர்புடையது. குதிரை இம்மாட்டு நிலத்துக்குள் வெளியிலிருந்து வந்து சேர்ந்த விலங்கு. மாடும் குதிரையும் ஒரே நீர்நிலையைச் சார்ந்து ஒரே வளாகத்தில் வாழ்ந்தன என்னும் இவ்வுண்மை, பின்னர் விளக்கப்படும் ஒரு நோயைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

மைசூர்ப் போர்களின்போது இப்பகுதி குதிரைப்படைகள் மீண்டும் மீண்டும் கடந்து சென்ற வழித்தடமாக இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. மலைக்கு மேற்பட்ட ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் சேர்க்கப்பட்டது. அலெக்சாண்டர் ரீடின் தலைமையில் தாமஸ் மன்றோ உள்ளிட்ட படை அலுவலர்கள் இங்கு வருவாய் நிருவாகத்தை மேற்கொண்டனர். நிலத்தை அளந்து வரி விதிக்கும் அப்பணி குதிரை முதுகில் ஊர் ஊராகச் சென்று செய்யப்பட்ட பணியாகும்.

மன்றோ சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், 1824இல், ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்கான குதிரைப் பண்ணை தோற்றுவிக்கப்பட்டது. 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலம் இருபதாம் நூற்றாண்டில் கால்நடைப் பண்ணையாக மாறியது. தென்னிந்தியக் கால்நடைகள் குறித்து 1936இல் நூல் வெளியிட்ட லிட்டில்வுட், ஓசூரில் பணியாற்றிய கால்நடைத்துறை அலுவலர். குதிரை நிலமாகத் தொடங்கியது மாட்டு நிலமாக மாறிய இவ்வரலாறு, இப்பகுதியில் இவ்விரு விலங்குகளின் வாழ்வு எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

2. இலக்கணம் பார்த்தலும் பிணி பார்த்தலும்

இந்திய மரபில் குதிரை பற்றிய அறிவு சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திர மரபில் தொகுக்கப்பட்டது. நகுலன், சயதத்தன் ஆகியோர் பெயரிலும் வடமொழி நூல்கள் உள்ளன. நகுலன் பெயரிலான அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் பதிப்பித்தது. விசயநகரக் காலத்தில் தெலுங்கில் மனுமஞ்சி பட்டர் குதிரை இலக்கண நூலொன்றை இயற்றினார். கன்னடத்திலும் குதிரை மருத்துவ நூல் தோன்றியது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் சந்திக்கும் பாராமகால், இம்மூன்று மரபுகளின் எல்லையில் அமைந்திருந்தது.

இம்மரபில் இரு வேறு நோக்குகள் இணைந்துள்ளன. ஒன்று, நிறம், சுழி, உறுப்பமைதி ஆகியவற்றைக் கொண்டு குதிரையின் நன்மை தீமைகளைக் கூறும் இலக்கணம். மற்றொன்று, பிணியும் மருந்தும் கூறும் மருத்துவம். தமிழக வழக்கில் சுழி பார்த்தல் இன்றும் நிலைத்துள்ளது. சுழி மாறாதது, வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். நடையோ மாறிக்கொண்டே இருப்பது. நிகண்டுகள் குதிரையின் நடையை ஐங்கதி என வகுத்துள்ளமை, நடையை நுணுகி நோக்கும் பயிற்சி தமிழ் மரபிலும் இருந்ததை உணர்த்துகிறது. எனினும் விட்டுவிட்டு வரும் முடத்தை அறிய ஒருமுறை நோக்கும் பார்வை உதவாது. அதே விலங்கை ஓய்விலும் உழைப்பிலும், வெயிலிலும் மழைக்காலத்திலும் தொடர்ந்து கண்டவரே அதை அறிய இயலும். அத்தகைய அறிவு ஏட்டைவிடக் குதிரைக்காரர், லாடம் அடிப்பவர் ஆகியோரிடம் தங்கியிருந்தது. படை முகாம்களின் இந்துஸ்தானியில் குதிரை மருத்துவரைக் குறித்த ‘சலோத்ரி’ என்னும் சொல், சாலிஹோத்திரர் பெயரின் திரிபாகும்.

3. வசாபின் குறிப்பு: ஒரு மறுவாசிப்பு

பாண்டிய நாட்டுக்கு வந்த குதிரைகள் விரைவில் அழிந்தன என்பதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லை என்பதும், வணிகர்கள் அத்தகையோரை அங்கு வரவிடவில்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் வேறொரு விவரத்தைத் தருகிறார். குதிரைகளை முளையடித்துக் கயிற்றால் கட்டி நாற்பது நாட்கள் இலாயத்தில் நிறுத்திக் கொழுக்க வைத்தனர். நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்தனர். பின்னர் முறையான பயிற்சியின்றி ஏறிக் கடுமையாக விரட்டினர். வலிய குதிரைகளும் குறுகிய காலத்தில் தளர்ந்து பயனற்றவை ஆயின என்பது அவர் கூற்றின் சாரம்.

இக்குறிப்பு வழக்கமாக அயலாரின் மிகைக்கூற்றாகவோ, தமிழரின் குதிரைப் பயிற்சிக் குறைவுக்குச் சான்றாகவோ வாசிக்கப்படுகிறது. மருத்துவ நோக்கில் வாசித்தால் அதன் வரிசைமுறையே கருத்தில் கொள்ளத்தக்கது: நீண்ட ஓய்வு, மிகுந்த தானிய உணவு, திடீர்க் கடும் உழைப்பு. உழைப்பினால் குதிரையின் தசை சிதையும் நோய்க்கு உகந்த சூழல் இதுவே. ஞாயிறு ஓய்வில் முழுத் தீவனம் தின்று திங்களன்று வண்டியில் பூட்டப்பட்ட ஐரோப்பிய இழுவைக் குதிரைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டதால் இது ‘திங்கட்கிழமை நோய்’ எனப் பெயர் பெற்றது. உழைக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் இடுப்பு, தொடைத் தசைகள் இறுகும். பின்னங்கால்கள் நகர மறுக்கும். கடும் நிலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். வசாப் காலத்துக் குதிரைகள் இந்நோயாலேயே வீழ்ந்தன என்று அவர் குறிப்பைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் குதிரைகளின் தளர்ச்சிக்குத் தட்பவெப்பத்தையும் அறியாமையையும் மட்டுமே காரணமாக்கும் விளக்கத்துக்கு மாற்றாக, தீவன முறைக்கும் உழைப்பு முறைக்கும் இடையிலான பொருத்தமின்மையை வைத்து ஆராய இது இடம் தருகிறது.

4. காலுக்கு வெளியே: 1831

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கால்நடை மருத்துவம் கல்விநிலையத் துறையாயிற்று. 1762இல் பிரான்சின் லியோன் நகரிலும் 1791இல் லண்டனிலும் அதற்கான கல்லூரிகள் தோன்றின. லண்டனில் தொழில் புரிந்த வில்லியம் மூர்கிராஃப்ட் 1808இல் கம்பெனியின் பூசா குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பேற்றார். இவ்வழியே இந்தியப் படைக் குதிரைகளின் மருத்துவமும் ஐரோப்பியப் புத்தறிவோடு இணைந்தது. அப்புத்தறிவில் பின்னங்கால் முடம் பற்றிய கருத்தை மாற்றிய அறிக்கை ஒன்று 1831இல் பாரிசில் வெளியாயிற்று.

பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ழான் பிரான்சுவா பூலே, வண்டியிழுத்த ஒரு பெண் குதிரையைப் பற்றி எழுதினார். நின்றபோதும் மெல்ல நடந்தபோதும் அது நலமாக இருந்தது. சிறிது நேரம் விரைந்தோடியதும் பின்னங்கால் முடங்கியது. ஓய்வு கொடுத்ததும் முடம் நீங்கியது. மீண்டும் ஓடியதும் திரும்பியது. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது தொடைத் தமனி அடைபட்டிருந்தது தெரிந்தது. எலும்பிலும் மூட்டிலும் தேடப்பட்டுவந்த காரணம் இரத்தக் குழாயில் இருந்தது. ஓய்வில் தசைக்குப் போதுமானதாக இருந்த குருதி, உழைப்பில் போதாமற்போனதே முடத்துக்குக் காரணம்.

1858இல் நரம்பியல் மருத்துவர் சார்கோ, மனிதரின் காலில் இதே நிலையைக் கண்டபோது குதிரை மருத்துவர்களின் பணியையே முன்னோடியாகக் காட்டினார். மனித மருத்துவத்தில் இன்றும் வழங்கும் ‘இடைவிட்ட முடம்’ என்னும் நோய்ப்பெயர் குதிரை மருத்துவத்திலிருந்து பெறப்பட்டது.

5. கும்ரி: பெயருள் பொதிந்த நோயறிதல்

தெற்காசியாவில் குதிரைகளுக்கு வரும் மற்றொரு பின்னங்கால் நோய் ‘கும்ரி’ என வழங்கியது. இடுப்பைக் குறிக்கும் ‘கமர்’ என்னும் பாரசீகச் சொல்லின் அடியாக இப்பெயர் தோன்றியது. இந்நோயில் குதிரைக்குக் காய்ச்சல் இராது, தீவனம் குறையாது. பின்பகுதி மட்டும் தள்ளாடும். குளம்பின் முனை தரையில் இழுபடும். மெலிதான நிலையில் நேர்நடையில் குறை புலப்படாது. குறுகிய வட்டத்தில் திருப்பினாலோ பின்னோக்கி நடத்தினாலோ மட்டுமே தடுமாற்றம் வெளிப்படும். ஒரு காலில் மிகுந்தும் மறுகாலில் குறைந்தும் காணப்படுவதால் இதைக் காலின் நோயாகக் கொள்வது எளிது.

இதன் காரணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாயிற்று. சப்பானில் ஆடுகளுக்கும் குதிரைகளுக்கும் வந்த இடுப்பு வாதத்தை ஆராய்ந்தோர், ‘செட்டேரியா டிஜிட்டேட்டா’ என்னும் நூற்புழுவின் இளம்பருவப் புழுக்களே தண்டுவடத்தைச் சிதைப்பதாகக் கண்டனர். இன்னஸ், ஷோஹோ, பெருமாள் பிள்ளை ஆகிய மூவரும் 1952இல் பிரிட்டிஷ் கால்நடை மருத்துவ இதழில் இந்நோய் குறித்து எழுதினர். 1955இல் இன்னஸும் பிள்ளையும் அதே இதழில், இலங்கைக் குதிரைகளின் கும்ரியும் இதே நோயே என நிறுவும் கட்டுரையை வெளியிட்டனர். இந்தியாவிலும் பர்மாவிலும் அறியப்பட்ட கும்ரியையும் அக்கட்டுரை இதனுடன் இணைத்தது.

இப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியே இந்நோயை மாட்டு நிலத்தோடு இணைக்கிறது. வளர்ந்த புழு மாட்டின் வயிற்றறையில் வாழ்கிறது. மாட்டுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அதன் நுண்புழுக்கள் மாட்டின் குருதியில் உலவுகின்றன. குருதி உறிஞ்சும் கொசுவினுள் அவை சுமார் இரண்டு வாரங்களில் தொற்றுநிலை அடைகின்றன. அக்கொசு மீண்டும் மாட்டைக் கடித்தால் சுழற்சி முழுமையாகும். குதிரையையோ வெள்ளாட்டையோ செம்மறியையோ கடித்தால், தனக்கு உரியதல்லாத உடலில் வழி தவறிய புழு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் சென்றுவிடுகிறது. அது ஊர்ந்து சென்ற தடம் மிக நுண்ணியது. தண்டுவடத்தைத் தொடர்ச்சியான மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தாலன்றிப் புலப்படுவது அரிது. இந்நோய் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

வரலாற்று நோக்கில் இங்கு ஒரு செய்தி வலியுறுத்தத்தக்கது. நுண்ணோக்கியின் துணையின்றியே, குதிரைக்காரர் வழக்கில் தோன்றிய பெயர் இந்நோயைக் காலில் வைக்காமல் இடுப்பில் வைத்தது. காலை நோக்கிச் சூடு போட்ட மருத்துவத்தைவிட, இடுப்பைச் சுட்டிய பெயர் நோயின் இருப்பிடத்துக்கு அருகில் நின்றது. இடுப்பு வரை சென்ற அவ்வறிவு தண்டுவடத்தையோ கொசுவையோ அறியவில்லை. எனினும் நோய்ப்பெயர்களை வெறும் வழக்குச் சொற்களாகக் கொள்ளாமல் நோயறிதல் ஆவணங்களாகக் கொள்ள இது வலுவான சான்று.

6. காலமே சான்று

மேற்கூறிய நோய்களோடு பிறவற்றையும் ஒப்பிட்டால், முடம் தோன்றும் நேரமே அவற்றை வேறுபடுத்துவதைக் காணலாம். பின்னங்காலின் கணுமூட்டுத் தேய்வில் தொடக்க அடிகள் கடினமாகவும், உடல் சூடேறியபின் நடை இலகுவாகவும் அமையும். தமனி அடைப்பில் இதற்கு நேர்மாறாக, தொடக்கம் நலமாகவும் உழைப்பில் முடமும் அமையும். முழங்காற்சில்லு மேலேறிச் சிக்கிக்கொள்ளும் நிலையில், நீட்டிய கால் மடங்காமல் நின்று, பின் வெடுக்கென விடுபடும். சிக்கல் நீங்கிய கணத்தில் குறையே தெரியாது. இந்நிலை மாடுகளிடமும் எருமைகளிடமும் காணப்படுவதால் இந்தியக் கால்நடை மருத்துவர்களுக்கு நன்கு அறிமுகமானது. தசைச் சிதைவு ஓய்வுநாளை அடுத்து வரும். கும்ரி ஓய்வு, உழைப்பு என்ற இரண்டையும் சாராது, திருப்பத்தில் வெளிப்படும். ‘சுர்ரா’ நோயில் பின்பகுதித் தளர்ச்சியோடு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் இணையும். அந்நோயின் குருதி ஒட்டுண்ணியைக் கிரிஃபித் எவன்ஸ் 1880இல் பஞ்சாபின் தேரா இசுமாயில்கானில் கண்டறிந்தார்.

பார்வையும் ஏமாற்றக்கூடியது. விரைநடையில் பின்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்புற முன்னங்காலும் ஒருங்கே தரையைத் தொடும். இடப் பின்னங்கால் நோகும்போது குதிரை தலையைத் தாழ்த்திச் சுமையை முன்னே தள்ளும். அதைக் காண்பவர் இட முன்னங்காலே நோவதாக எண்ணக்கூடும். ஆகவே தலையை மட்டும் பார்க்காமல், பின்னாலிருந்து இரு இடுப்பெலும்பு முனைகளின் ஏற்ற இறக்கத்தையும் நோக்க வேண்டும். நோயுற்ற பக்கத்தில் அவ்வசைவு பெரும்பாலும் மிகுந்திருக்கும். கடினத் தரை, மென்தரை, வட்டம், சரிவு, ஏறியமர்ந்தவரின் சுமை என ஒவ்வொரு நிலையிலும் நடையைப் பார்ப்பதும், மூட்டைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டுப் பார்ப்பதும் இன்றைய தேர்வுமுறைகள். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் 0 முதல் 5 வரையிலான முட அளவீட்டில், எச்சூழலிலும் சீராக வெளிப்படாத முடம் முதல் நிலையாகவும், குறிப்பிட்ட சூழல்களில் மட்டும் தவறாமல் வெளிப்படுவது இரண்டாம் நிலையாகவும் வகுக்கப்பட்டுள்ளன.

1884இல் கோக்கைனின் மரத்துப்போகச் செய்யும் பண்பு மருத்துவத்தில் பயன்பாட்டுக்கு வந்ததும், 1895இல் ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டதும் நோயறிதலுக்குப் புதிய கருவிகளைத் தந்தன. நரம்பை மரக்கச் செய்து, முடம் நீங்குகிறதா எனப் பார்த்து நோவின் இடத்தை வரையறுக்க முடிந்தது. ஆயினும் இம்முறை நோவினால் வரும் முடத்துக்கே பொருந்தும். சிக்கிய சில்லுக்கும் சிதைந்த தண்டுவடத்துக்கும் மரப்பு ஊசி விடை தராது. தேர்வு நாளன்று குதிரை நொண்டாமலிருந்தால் மரப்பு ஊசிக்கு வேலையே இல்லை. குதிரையை நாள்தோறும் கண்டவரின் வாய்மொழிக்கு எந்தக் கருவியும் மாற்றாகவில்லை.

7. ஆவண வாசிப்புக்கான பயன்

படைக்குறிப்புகளிலும் பண்ணைப் பதிவேடுகளிலும் குதிரையின் கழிவுக்கு ‘முடம்’ என்னும் ஒரே சொல் காரணமாகக் காட்டப்படும்போது, அதை ஒரே நோயாகக் கொண்டு எண்ணிக்கை செய்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். அச்சொல்லின்கீழ் லாடக் குறை, மூட்டுத் தேய்வு, தசைச் சிதைவு, ஒட்டுண்ணி நோய் ஆகிய அனைத்தும் அடங்கலாம். கழிக்கப்பட்ட மாதம், அதற்கு முந்தைய ஓய்வு அல்லது பயணம், தீவன அளவு, அருகில் மாட்டு மந்தை இருந்தமை ஆகிய செய்திகளைச் சேர்த்து வாசித்தால் அச்சொல்லைப் பிரித்தறியலாம். குறிப்பாக, கொசு பெருகும் பருவத்தை அடுத்து, மாடுகளுடன் வாழ்ந்த குதிரைகளிடையே காய்ச்சலின்றித் தோன்றிய முடம் பதிவாகியிருப்பின், அங்குக் கும்ரியை எண்ணிப் பார்ப்பது தகும்.

இவ்வாசிப்பு கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. தருமபுரிப் பகுதியில் சவாரிக் குதிரை இன்று அரிது. ஆனால் மாடும் கொசுவும் வெள்ளாடும் செம்மறியும் ஒரே முற்றத்தில் வாழும் நிலை தொடர்கிறது. குதிரையின் தண்டுவடத்தைத் தாக்கும் அதே புழு ஆட்டையும் தாக்கக்கூடியது. சில ஆடுகளே உடைமையான குடும்பத்துக்கு, பின்கால் இழுபடும் ஓர் ஆடு அடிபட்டதா ஒட்டுண்ணியால் நோயுற்றதா என்பது வாழ்வாதார வினா.

முடிவுரை

விட்டுவிட்டு வரும் பின்னங்கால் முடத்தின் வரலாறு, நோயின் இருப்பிடம் காலிலிருந்து படிப்படியாக விலகிச் சென்ற வரலாறாகும். 1831இல் அது தமனிக்குச் சென்றது. 1950களில் தண்டுவடத்துக்கும், அதற்கு அப்பால் அடுத்த தொழுவத்து மாட்டுக்கும் இடையில் பறக்கும் கொசுவுக்கும் சென்றது. ஒவ்வொரு கட்டத்திலும் திறவுகோலாக அமைந்தது, முடம் வரும் வேளையையும் மறையும் வேளையையும் பொறுமையாகக் குறித்துவைத்த நோக்கு. அந்நோக்கின் ஒரு பகுதி மருத்துவர் அறிக்கைகளிலும், மற்றொரு பகுதி கும்ரி போன்ற வழக்குப் பெயர்களிலும் எஞ்சியுள்ளது. பாராமகால், ஓசூர்ப் பகுதியின் ஆவணங்களையும் லாடக்காரர், ஆடு மாடு வளர்ப்போர் ஆகியோரின் வாய்மொழி வழக்குகளையும் ஒருங்கே தொகுத்து ஆராய்ந்தால், தமிழகக் கால்நடை மருத்துவ வரலாற்றின் எழுதப்படாத பகுதியொன்று உருப்பெறும்.